அறுபதுக்கு ஒன்று குறைவு

ஜூலை 1, செவ்வாய்

விண்ணப்பித்தவர்கள் 412. இடம் தரப்பட்டவர்கள் 240. சேர்ந்தவர்கள் 19.

காலையில் இந்த மூன்று வரிகளைத் தட்டச்சு செய்து கல்லூரி முதல்வர் இந்திராணி-தியின் (‘தி’ என்றால் இங்கே அக்கா) மேசையில் வைத்தேன். முதல் இரண்டை அவர் பார்க்கவே இல்லை. பேப்பரிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் போன டிசம்பரில் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தவர் அவர்தான். பதவியின் பெயர் புள்ளிவிவர அலுவலர். அறை மாடிப்படிக்குக் கீழே. இந்தக் கட்டடம் ஒரு சணல் வியாபாரியின் வீடாக இருந்தபோது அங்கே அடுப்புக்கரி கொட்டி வைப்பார்களாம். மூலையில் சுவர் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

ஐந்து துறைகள். முதலாண்டில் இடங்கள் 120. இரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்தவர்கள் 57, போன வருடம் 52.

கல்லூரியை நடத்தும் டிரஸ்டின் கடிதம் இந்திராணி-தியின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது. செப்டம்பர் 12, வெள்ளி, பகல் பன்னிரண்டு மணிக்கு முதலாண்டில் அறுபது பேர் இல்லாவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து சேர்க்கை கிடையாது. ஏற்கெனவே படிப்பவர்களுக்கு ‘உரிய ஏற்பாடு’ செய்யப்படும். அது என்ன ஏற்பாடு என்று எழுதிக் கேட்டோம், பதில் இல்லை. ஜாதவ்பூர் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆறு நிமிட நடையில் ஒன்பது கட்டா நிலம், ஏறக்குறைய பதினைந்து சென்ட். அடுக்குமாடி கட்டி விற்கிற புரமோட்டரின் ஆட்கள் இரண்டு முறை வந்து நாடா பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். கேட்டால் சும்மா பார்க்க வந்தோம் என்றார்கள்.

வேலு இங்கே இருபத்தாறு வருடமாகத் தத்துவம் நடத்துகிறான். இன்னும் நிருபராக இருந்திருந்தால் இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்: கணக்கு எழுதுகிறவள் ஆசிரியர் குமரவேலின் மனைவி.

ஜூலை 9

27.

ஜூலை 14

இடம் கொடுத்தும் வராதவர்களுக்கு ஒரு நாளைக்கு முப்பது பேர் வீதம் போன் செய்கிறேன். பெரும்பாலும் அம்மாக்கள் எடுக்கிறார்கள். ஒரு மாதம் போகட்டும் என்பார்கள். அரசுக் கல்லூரிகளின் பட்டியல் வரட்டும் என்று அர்த்தம். மினிபஸ் வராவிட்டால் ஆட்டோ. நாங்கள் ஆட்டோ.

பெஹாலாவிலிருந்து ஒரு தகப்பனார், தத்துவம் படித்தவர்கள் பிறகு என்ன ஆகிறார்கள் என்று கேட்டார். தத்துவத்துக்கு மட்டும் தனியாகக் கணக்கில்லை என்று சொல்லிவிட்டு, எல்லாத் துறைக்குமான கணக்கைக் கொடுத்தேன். போன வருடம் முடித்தவர்கள் 41. மேல்படிப்பு 13, வேலை 11, ஆசிரியர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் 6, பதில் சொல்லாதவர்கள் 11. அவர், இதுவரை எந்தக் கல்லூரியும் தனக்கு எண்ணிக்கையாகப் பதில் சொன்னதில்லை என்று நன்றி சொன்னார்.

சேர்க்கவில்லை.

ஜூலை 28

41. இந்திராணி-தி முதல் முறையாகச் சிரித்தார். நானும்தான். அந்தத் தகப்பனாருக்குச் சொன்ன 41 நினைவுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

ஆகஸ்ட் 8

வேறு இடங்களின் பட்டியல் வந்துவிட்டது. ஆறு பேர் வந்து மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். 35.

விலகும் படிவத்தில் காரணம் எழுத ஒரு வரி இடம் உண்டு. ஆறு பேரும் ‘சொந்தக் காரணம்’ என்றே எழுதினார்கள். ஒரு பெண் எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்காகப் பரிதாபப்படுகிறாள் என்பது பிறகுதான் உறைத்தது.

ஹெட் கிளார்க் பிமல்-தா (‘தா’ என்றால் அண்ணன்) ஒவ்வொருவருக்கும் உறையை எடுத்துக் கொடுத்து, தலையைத் தொட்டு, பெயர் சொல்லி அனுப்பினார். எந்தப் பிள்ளையையும் அவர் படிவத்தில் இருக்கிற பெயரால் கூப்பிடுவதில்லை. கம்ப்யூட்டர் பக்கமும் வருவதில்லை. கவுண்டருக்கு நேரில் வருகிறவர்களை ஒரு நீல நோட்டில் எழுதி வைக்கிறார். ஆன்லைனில் சேருகிறவர்கள் என் பட்டியலில் இருப்பார்கள்.

வீட்டில் வேலு கேட்டான், “முப்பத்தஞ்சா?” தலையாட்டினேன். “சரி, வயசாவது நமக்கு முப்பத்தஞ்சா இருந்திருக்கலாம்” என்றான். அவனுக்கும் எனக்கும் அறுபத்தொன்று. இந்தக் கல்லூரியில் அறுபத்தைந்துவரை விடுவார்கள். இது மூடினால் அறுபத்தொரு வயதுக்காரனை யார் எடுப்பார்கள்? அதுகூட இல்லை. காலை ஒன்பதே முக்காலுக்கு அவன் மாடிப்படி ஏறும்போது என் தலைக்கு மேல் சத்தம் கேட்கிறது. ஒரு படியில் நின்று மூச்சு வாங்குவான். பிறகு யாரோ மாணவி ‘சார்’ என்பாள், உடனே மிச்சப் படிகளை வேகமாக ஏறுவான். அது நின்றுபோனால் இவன் என்ன ஆவான்?

ஆகஸ்ட் 18

வகுப்புகள் தொடங்கின. என் பட்டியலில் 49.

இருபத்தைந்து நாட்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பிமல்-தாவின் நீல நோட்டை வாங்கி என் பட்டியலோடு சேர்த்தேன். நேரில் வந்து சேர்ந்தவர்கள் 12. நாற்பத்தொன்பதும் பன்னிரண்டும் அறுபத்தொன்று.

மூன்று முறை கூட்டினேன். இரண்டு பட்டியலிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மூன்றரை மணிக்கு அறிக்கை டிரஸ்டுக்குப் போனது. இந்திராணி-தி ஆளனுப்பி சந்தேஷ் இனிப்பு வாங்கி எல்லா வகுப்புக்கும் கொடுத்தார். பிமல்-தா எனக்கு மட்டும் இரண்டு வைத்தார்.

வேலு கரியாஹாட் சந்தையில் இலிஷ் மீன் வாங்கி வந்து, தானே கடுகு அரைத்தான். நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு பேசிச் சாப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று! முள் எடுத்துக்கொண்டே கேட்டேன், “உனக்கு எத்தனை பேர் வந்திருக்காங்க?” “லிஸ்ட்ல பதினேழு” என்றான்.

ஆகஸ்ட் 26

டிரஸ்ட் செயலாளரிடமிருந்து பதில். “மகிழ்ச்சி.” அவ்வளவுதான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நிதானமாக எழுத வேண்டும். நடந்தது நடந்தபடி.

பல்கலைக்கழகப் பதிவுக்காக அறுபத்தொரு பேரின் போன் எண்ணையும் அடுக்கிக்கொண்டிருந்தேன். சம்பூர்ணா சர்க்கார், டுக்டுகி சர்க்கார் இருவருக்கும் ஒரே எண். இரட்டைக் குழந்தைகள் என்று நினைத்தேன். கல்லூரிச் செய்திமடலில் போடலாம் என்று தலைப்புகூட யோசித்தேன். கொஞ்சம் கீழே தேவலீனா பால், மாம்பி பால். ஒரே எண். பிறகு அனிர்பன் கோஷ், பாப்பாய் கோஷ்.

அறுபத்தொரு பேரில் மூன்று ஜோடி இரட்டையர்.

நான் பிறந்தது இதே ஊரில், கிதிர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸில். அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்தவர், நான் இங்கேயே வளர்ந்தவள். பெங்காலி வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்கு ‘நல்ல பெயர்’ என்று ஒன்று, வீட்டுக்கு ஒரு பெயர் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடவே விளையாடி வளர்ந்த புல்டுவின் கல்யாணப் பத்திரிகை வந்தபோது மாப்பிள்ளை யார் என்று கேட்டுச் சிரிப்புக்கு ஆளானவள் நான். டுக்டுகி என்று மார்க் ஷீட்டில் எந்தப் பெண்ணுக்காவது பெயர் இருக்குமா? அம்மா கவுண்டருக்கு வந்து எங்க டுக்டுகிக்கு ஒரு இடம் வையுங்கள் என்றிருப்பார். பிமல்-தா அப்படியே எழுதிக்கொண்டார். வீட்டுக்குப் போய் அந்தப் பெண் ஆன்லைனில் நல்ல பெயரில் சேர்ந்தாள்.

எழுத்தெழுத்தாகப் பார்த்தேனே. பெயரைத்தான் பார்த்தேன். ஆளைப் பார்க்கவில்லை.

பேப்பரில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் என்ன? பிரிகேட் மைதானக் கூட்டத்துக்கு மேடைக்காரர் ஒரு எண் சொல்வார், போலீஸ் ஒரு எண் சொல்லும். இரண்டையும் எழுதிக்கொள், பிறகு மைதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நீயே தலையை எண்ணு. அறுபத்தொரு தலையை எண்ண என்னால் முடியவில்லை!

பதினொன்றரைக்கு மாடி ஏறி வேலுவின் வகுப்பு வாசலில் நின்று எண்ணினேன். பதினாறு. அன்றைக்கு யாரும் விடுப்பில் இல்லை என்று மேசையில் திறந்து கிடந்த அட்டென்டன்ஸ் சொன்னது. பதினேழு பெயர், பதினேழு வருகை. சம்பூர்ணாவுக்கு நேரே புதுப் பட்டியலின் ஆறு நாளும் வந்ததாகக் குறி. டுக்டுகிக்கு நேரேயும் ஆறு நாளும். வேலுவின் கையெழுத்து.

அவன் என்னைப் பார்த்தான். பாடத்தை நிறுத்தவில்லை.

அதே நாள், மாலை

வீட்டுக்கு வந்து தேநீர் போட்ட பிறகு கேட்டேன். புதுப் பட்டியல் வகுப்புக்கு வந்த முதல் நாளே தெரிந்துவிட்டதாம். டுக்டுகி சர்க்கார் என்று இவன் கூப்பிட்டதும் வகுப்பே சிரித்திருக்கிறது. சம்பூர்ணா எழுந்து, சார், அதுவும் நான்தான் என்றிருக்கிறாள். இவன் குறி போட்டுக்கொண்டு அடுத்த பெயருக்குப் போயிருக்கிறான். அன்றைக்கு ஆகஸ்ட் 26.

“எட்டு நாளா எங்கிட்ட சொல்லலையே வேலு.”

“பதினேழுன்னு எழுதினது நீ. நான் வாசிச்சேன்.”

“ஒரே பொண்ணு.”

“ஒரே ஆள் ரெண்டா இருக்க முடியுமான்னு ரெண்டாம் வருஷத்துல நான் ஆறு வாரம் பாடம் எடுக்கறேன். முடிவு சொன்னதில்ல.” சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான், “பத்து நாள் இருக்கு சங்கரி. பத்து நாள்ல ரெண்டு பேர் வந்துட்டா அறுபது ஆயிரும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஒரு தப்பும் இல்ல. பொறு.”

58. இன்னும் இரண்டு பேர்.

பொறுத்தால் என்ன? எண்ணிக்கை எப்படியும் 12ஆம் தேதிதானே முடிவு? அதற்குள் உண்மையாகவே அறுபது வந்துவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேனா?

வராவிட்டால்?

செப்டம்பர் 3, புதன்

காலை பத்தே காலுக்கு அனுப்பிவிட்டேன். “ஆகஸ்ட் 25 அறிக்கையில் சேர்ந்தவர்கள் 61 என்று குறிப்பிட்டது தவறு. மூன்று மாணவர்கள் இரண்டு பெயர்களில் இரு முறை எண்ணப்பட்டுள்ளனர். சரியான எண் 58. தவறு என்னுடையது.”

முப்பத்து நான்கு வருடத்தில் என் செய்திகளுக்குப் பேப்பர் வெளியிட்ட திருத்தங்கள் ஒன்பது. தெரிந்த மறுநாள் காலையில் போட்டுவிட வேண்டும் என்பது விதி. அந்த விதிப்படி செய்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை.

பிமல்-தாவின் பெயரை எழுதவில்லை. அவர் நீல நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அழுகிறவர்போல இருந்தார். நான் நாற்பது வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன், யாரும் இந்த நோட்டைக் கேட்டதில்லையே என்றார். கேட்டது நான்தான்.

செப்டம்பர் 4

இந்திராணி-தி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. நான் யாருக்காக அதை அனுப்பினேன் என்று கேட்டார். டிரஸ்ட் கேட்கவில்லை. மாணவர்கள் கேட்கவில்லை. கடைசி நாள் பன்னிரண்டு மணிவரை இந்த எண் நம் வீட்டுக்குள் இருக்கிற எண், அதை நீ தெருவில் கொண்டுபோய் வைத்தாய் என்றார். பேப்பரில் எழுதினால் நாளைக்கு இன்னொரு பேப்பர் வரும், இந்தக் கல்லூரிக்கு நாளை என்பது கிடையாது என்றார்.

சாத்திய கதவை நானே திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

செயலாளரின் பதில் மாலையில் வந்தது. என் நேர்மையைப் பாராட்டி நான்கு வரி. அதோடு எல்லாப் பெற்றோருக்கும் ஒரு கடிதம்: கல்லூரியின் எதிர்காலம் பரிசீலனையில் உள்ளது. ‘மகிழ்ச்சி’க்கு ஒரு சொல், இதற்கு இரண்டு கடிதம்.

செப்டம்பர் 6, சனி

மூன்று நாளாக வேலு என்னிடம் பேசுவது ஒரே சொல். காலையில் கிளம்பும்போது. “சாவி.”

செப்டம்பர் 7

நான் செய்தது சரி என்று எத்தனை முறை எழுதினாலும்—

என்னடி சரி? ரெண்டு பிள்ளைங்க வந்திருந்தா இந்தப் பேச்சே இல்ல. ஒன்பது திருத்தம் போட்டியே, பத்தாவதா இதையும் சேத்துக்கணும்னு ஆசை, அவ்வளவுதானே? அவன் இருபத்தாறு வருஷத்த எடுத்து உன் விதிக்கு அடியில வெச்சுட்ட.

இது உண்மையா? உண்மையில் கொஞ்சம் இதுவும் உண்டு. எவ்வளவு என்று எண்ண முடியவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

59. வரலாற்றுக்கு ஒரு பையன், டயமண்ட் ஹார்பரிலிருந்து. தினமும் ரயிலில் வந்து போவானாம். டிரஸ்டின் கடிதம் பற்றிக் கேள்விப்பட்டாயா என்று நானே கேட்டேன். தெரியும், வேறு எங்கும் இடமில்லை என்றான். போன் எண், பிறந்த தேதி, அம்மாவின் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர் எல்லாம் கேட்டு எழுதினேன். வீட்டுப் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டான். கோகோன்.

இன்னும் ஒன்று.

செப்டம்பர் 10, புதன்

லேக் மார்க்கெட் போனேன். சிவராஜ் கடையில் முப்பது வருடமாகக் காப்பிப்பொடி வாங்குகிறேன். அவர் மகள் ஸ்மிதா பன்னிரண்டாவது முடித்துவிட்டு இன்னும் எங்கும் சேரவில்லை என்று தெரியும். போன குளிர்காலத்தில் வேலு பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்திய மூன்று நாள் வகுப்புக்கு வந்தவள். அதிலிருந்து தத்துவம்தான் என்று பிடிவாதமாக இருக்கிறாள். சிவராஜுக்கு அவளை பி.காம். சேர்க்க வேண்டும். இருவரும் ஒரு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. அப்பளக் கட்டுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள்.

அவளுடைய மதிப்பெண் எனக்குத் தெரியும். விண்ணப்பப் படிவம் என் பையில் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

நான் வாயைத் திறக்குமுன் ஸ்மிதாவே ஆரம்பித்தாள். “ஆன்ட்டி, நீங்க அப்பாட்ட சொல்லுங்க. நான் தோ ஏக்தம், முழுசா ரெடி. மார்க் ஷீட்டு, போட்டோ எல்லாம் இங்கயே வெச்சிருக்கேன்.” கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துக் காட்டினாள்.

சிவராஜ் அரைவை இயந்திரத்தை நிறுத்தினார். கடையில் வேறு யாரும் இல்லை.

“அக்கா, இவ ஒரு மாசமா சரியாச் சாப்பிடல. நான் தோத்துட்டேன்னு வைங்க. நீங்க பேப்பர்ல இருந்தவங்க, நீங்க சொன்னா நான் வேற ஆள்ட்ட கேக்க மாட்டேன். இன்னைக்கே சேத்துருதேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தக் காலேஜ் மூணு வருஷம் இருக்குமா?”

அறுபதாவது ஆள் என் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். இருக்கும் என்று ஒரு சொல். சொன்னால் இருக்கவும் கூடும். அவள் வந்தால்தானே இருக்கப் போகிறது? அப்படிப் பார்த்தால் அது பொய்கூட இல்லை. வேலுவாக இருந்தால் இதை வைத்து ஒரு வகுப்பு எடுப்பான்.

“இவ சேந்தா அறுபது ஆவுது” என்றேன். “அறுபது ஆனா அடுத்த வருஷம் நிச்சயம். அதுக்கு மேல எனக்குத் தெரியாது சிவராஜ்.”

“தெரியாதா.”

“தெரியாது.”

அவர் பொடியை எடை போட்டார். ரப்பர் வளையம் போட்டார். கொடுக்கும்போது சொன்னார், “தெரியாதுங்கறது எனக்கே தெரியுமேக்கா. அதுக்கு உங்கள எதுக்குக் கேக்கேன்?”

ஸ்மிதா ஃபைலைக் கல்லாவுக்குக் கீழே வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு முறுக்குப் பாக்கெட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே அடுக்கியிருந்தவற்றையே எடுத்து அடுக்கினாள்.

ராஷ்பிஹாரி முனை வரை நடந்தேன். மெட்ரோ வாசலைத் தாண்டிப் போய்விட்டேன், திரும்பி வந்தேன்.

வேலுவிடம் சொல்ல வேண்டுமா? சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு ஒரே கேள்வி: “இந்தத் திருத்தத்தை எந்தப் பக்கத்துல போடப் போற?”

செப்டம்பர் 11

நாற்பத்து நான்கு போன். யாரும் இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

பதினோரு மணிக்குச் செயலாளரின் ஆள் வந்து இந்திராணி-தியின் அறையில் உட்கார்ந்தார். தேநீர் வேண்டாம் என்றார். நான் பதிவேட்டோடு மாடிப்படியில் நின்றேன், வாசல் தெரிகிற இடத்தில். பிமல்-தா கவுண்டரில். பதினொன்று நாற்பதுக்கு ஒரு பெண்ணும் அம்மாவும் உள்ளே வந்தார்கள். பிமல்-தா எழுந்தே நின்றுவிட்டார். பக்கத்துத் தையல் பள்ளிக்கு வழி கேட்டார்கள்.

பன்னிரண்டுக்கு எழுதினேன். 59. கையெழுத்து, தேதி, நேரம்.

அந்த மனிதர் எண்ணைப் பார்த்துவிட்டு, ஒன்றுதானே குறைகிறது, ஐயோ பாவம் என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன்.

தலைக்கு மேல் வேலுவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டேகால்வரை அவன் வகுப்பை விடவில்லை.

செப்டம்பர் 17

விஸ்வகர்மா பூஜை. ஊர் முழுக்கக் காற்றாடி. எங்கள் மொட்டை மாடியில் அறுந்த காற்றாடிகள் நான்கு.

எண்ணுவதை நிறுத்த வேண்டும்.

அக்டோபர் 15

பூஜை விடுமுறை முடிந்தது. ‘உரிய ஏற்பாடு’ பற்றி இன்னும் பதில் இல்லை. பிள்ளைகளைப் பாதியில் வேறு கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. வேலு இன்று வகுப்பிலிருந்து இறங்கும்போது என் அறை வாசலில் நின்றான். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று போய்விட்டான். நிற்கிறான், அதுவே ஒரு மாதத்துக்குப் பிறகு.

நவம்பர் 6

முதலாண்டுப் பிள்ளைகள் ஐம்பத்தொன்பது பேரும் டிரஸ்டுக்கு ஒரு மனு கொடுத்திருந்தார்கள். எங்களைச் சேர்த்துக்கொண்டீர்கள், முடிக்க விடுங்கள் என்று. நகலை இன்றுதான் பார்த்தேன். ஒவ்வொருவரும் நல்ல பெயரில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் வீட்டுப் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். அடியில் ஒரு வரி: இரு முறை எண்ண வேண்டாம்.

என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன் கொஞ்ச நேரம்.

டிரஸ்டின் முடிவும் இன்று வந்தது. இருப்பவர்கள் கடைசிவரை இங்கேயே படிக்கலாம். புதிய சேர்க்கை இல்லை. கடைசி வகுப்பு வெளியேறியதும் கட்டடம் ஒப்படைக்கப்படும்.

ஜனவரி 24

நேற்று சரஸ்வதி பூஜை, இங்கே அது தை மாதத்தில். அன்றைக்கு இங்கே யாரும் புத்தகத்தைத் தொடுவதில்லை, ஒரு எழுத்து எழுதுவதில்லை. அதனால் இன்று.

பிள்ளைகள் மஞ்சள் உடுத்தி வந்தார்கள். சிலையின் காலடியில் புத்தகங்கள், பேனாக்கள், பிமல்-தாவின் நீல நோட்டு. வழக்கமாகச் சேர்க்கைப் பதிவேட்டை அடுத்த வருடத்து வெற்றுப் பக்கம் மேலே இருக்கும்படி திறந்து வைப்பார்களாம். பிமல்-தா கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மூடியே வைத்தார்.

ஜனவரி 27, செவ்வாய்

மாதக் கணக்கு. இப்போதெல்லாம் வாசலில் நின்று எண்ணாமல் எந்த எண்ணையும் எழுதுவதில்லை.

முதலாண்டு ஆங்கிலம், பதிவேட்டில் 16, தலை 13. சமூகவியல் 9, தலை 9. பொருளாதாரம் 8, தலை 6. வரலாறு 10, தலை 10, கோகோன் உட்பட. தத்துவத்தில் டிசம்பரில் இருவர் விலகினார்கள், பதிவேட்டில் 14.

தலை 15.

மறுபடி எண்ணினேன். ஜன்னலோரம் கடைசி பெஞ்சில் ஸ்மிதா. கரியாஹாட் பக்கம் ஒரு கல்லூரியில் காலை வகுப்பில் பி.காம். படிக்கிறாள் என்று சிவராஜ் சொல்லியிருந்தார். ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு விட்டுவிடுவார்கள். அந்தப் பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாளோ என்று நான்தான் வாசலிலிருந்து விலகினேன்.

டிரஸ்டுக்குப் போகும் படிவத்தில் 14 என்று எழுதினேன். அதில் பதிவானவர்களைத்தான் கேட்கிறார்கள்.

மூன்று மணிக்கு வேலு மாடியிலிருந்து இறங்கி என் அறைக்குள் வந்து உட்கார்ந்தான். கோட்டில் சுண்ணக்கட்டித் தூள். செப்டம்பருக்குப் பிறகு அவன் எண்ணிக்கை கேட்டதில்லை.

“என் கிளாஸ்ல எத்தனை?”

“பதினாலு.”

“நான் பதிவேட்டக் கேக்கல சங்கரி.”

“பதினஞ்சு” என்றேன்.

அவன் தலையாட்டினான். வீட்டுச் சாவி மேசையில் இருந்தது. எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, நான் பதிவேட்டை மூடும்வரை உட்கார்ந்திருந்தான்.